அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள்: கொழும்பு ஆலயப் பரிபாலன சபையினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பரிபாலன சபைத் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் திருவிழா உபயகாரர்களுக்கும் வணக்கம்.

இந்த வருட மகோற்சவத்துக்கு மேளம் ஒழுங்கு செய்து அனுப்பப்பட்ட உடன்படிக்கைக் கடிதம், நாதஸ்வரம் வாசிப்பவனான எனக்குக் கிடைத்தது. நாள், நேரம், சன்மானம், வேட்டி சால்வை எல்லாம் வழக்கம்போலவே இருக்கின்றன. கடைசிப் பகுதியில் மட்டும் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. அடியார்களுக்குத் தெரிந்த பாடல்களை மட்டுமே வாசிக்க வேண்டும், கலைஞர்கள் சொந்தமாக இயற்றிய உருப்படிகளை வாசிக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு கோயிலிலிருந்து மட்டும் வந்திருந்தால் நேரில் வந்து கதைத்திருப்பேன். சில நாட்களிலேயே இன்னொரு கோயிலின் கடிதத்திலும் அதே வரி, எழுத்துக்கூட மாறாமல் வந்தது. அதனால்தான் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன். ஆலயங்களின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை, யாருக்கு என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும்.

அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

வரி எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். போன திருவிழாவில் சுவாமி வெளிவீதி வந்தபோது நடந்ததுதான் காரணம். கொழும்பில் வெளிவீதி என்பது பஸ் ஓடுகிற தெரு. சந்திக்குச் சந்தி பொலிஸார் வாகனங்களை மறிக்க வேண்டும், அவர்கள் கை காட்டும்வரை சுவாமி நிற்க வேண்டும். ஊர்க் கோயில்களில் நாலு மூலையிலும் சுவாமியை நிறுத்தி, மேளகாரர் இராகம் விரித்து வாசிப்பார்கள், சனம் நிலத்தில் குந்தியிருந்து கேட்கும். இங்கே அந்த மூலைகள் இல்லை. ஆனால் நிற்கிற நேரம் இருக்கிறது. அந்த நேரத்தை ஏன் வீணாக்க வேண்டும் என்று யோசித்துத்தான் இந்தச் சந்திகளுக்கென்றே ஒரு மல்லாரி, அதாவது சுவாமி எழுந்தருளும்போது வாசிக்கும் உருப்படி, அமைத்தேன்.

மரபை மீறி எதையும் செய்யவில்லை. இராகம் கம்பீர நாட்டைதான். ரிஷபமும் தைவதமும் இல்லாத அந்த ஐந்து சுரங்களுக்குள்ளேதான் முழு உருப்படியும் நிற்கிறது. தாளம் மிஸ்ர சாபு. சுவாமி நடக்கும்போது முதற் காலத்திலும் இரண்டாம் காலத்திலும் போகும். தெரு மறிபட்டு நிற்கும்போது பஞ்சமத்தில் ஒரு நீண்ட பிடி வரும், அதைச் சுற்றி எவ்வளவு நேரமும் விரிக்கலாம். பொலிஸ்காரர் கை காட்டியதும் தவில் ஒரு தீர்மானம், அதாவது முடிப்புச் சொற்கட்டு, வைக்கும். அந்தத் தீர்மானம் முடிகிற அடியில் பல்லவி மறுபடி எடுக்கும், காவுகிறவர்கள் கால் வைப்பார்கள். இதற்காக நானும் என்னுடன் வாசிக்கும் தவில் வித்துவானும் மாதக் கணக்காக உழைத்தோம். அவர் எழுபதைத் தாண்டியவர். அவருடைய தீர்மானம் இல்லாமல் அந்த மல்லாரி இல்லை.

அன்று முதற் சந்தியில் நன்றாகவே போனது. ஒரு வயதான அம்மா அருச்சனைத் தட்டைக் கையில் பிடித்தபடி, நாங்கள் நின்ற இடத்தைவிட்டு அசையாமல் கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். இரண்டாம் சந்தியில், பஞ்சமத்தைப் பிடித்து விரித்துக்கொண்டிருந்தபோது, சபையைச் சேர்ந்த ஒருவர் பாட்டுகள் எழுதிய ஒரு காகிதத் துண்டைக் கொண்டுவந்து நீட்டினார். நாயனத்தில் இரண்டு கையும் இருக்கிறவன் துண்டை எப்படி வாங்குவது? அவர் அதை என் சால்வைக்குள் செருகினார். நான் வாசிப்பை நிறுத்தவில்லை. அவர் போய், முன்னால் நின்ற ஒலிபெருக்கி லொறிக்காரரிடம் ஏதோ சொன்னார். அடுத்த கணம் என் வாய் நாயனத்தில் இருக்கும்போதே லொறியிலிருந்து ஒரு சினிமாப் பக்திப் பாட்டு உச்சச் சத்தத்தில் எழுந்தது.

எங்கள் சுருதி ஒன்று, அந்தப் பாட்டின் சுருதி வேறொன்று. இரண்டும் மோதும்போது வருகிற சத்தத்தைச் சுவாமிக்கு முன்னால் எழுப்பியது நாங்கள் அல்ல. தவில் வித்துவான் தீர்மானத்தைப் பாதியில் விடவில்லை, கடைசி அடிவரை வாசித்து முடித்தார். பிறகு தெருவில் நின்றபடியே விரற்கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். துணியும் பசையும் வைத்துச் சுற்றி இறுக்கிய அந்தக் கூடுகளைத் திருவிழா முடியுமுன் அவர் கழற்றி நான் கண்டதில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. ஐம்பது வருடத்துக்கு மேலாகச் சுவாமிக்கு முன்னால் நின்று வாசித்த மனிதர் அவர். அவரிடம் இன்றுவரை எவரும் ஒரு மன்னிப்புக் கேட்கவில்லை. வந்தது இந்த வரிதான்.

துண்டில் மூன்று பாட்டுகள் எழுதியிருந்தன. மூன்றையும் நான் முன்பு பலமுறை வாசித்திருக்கிறேன், இனியும் வாசிப்பேன். உபயகாரர் ஒருவர் தன் தாயாருக்குப் பிடித்த பாட்டை வாசிக்கச் சொன்னால் அது அவருடைய பக்தி, அதை நான் மதிக்கிறேன். சினிமாப் பாட்டு என்று எதையும் நான் தாழ்த்திச் சொல்லவில்லை. நல்ல மெட்டு எங்கிருந்து வந்தாலும் நாயனத்தில் நன்றாகத்தான் பேசும். என் வருத்தம், இரவு முழுக்க அது மட்டும்தான் என்று ஆகிவிட்டதில் இருக்கிறது.

எத்தனையோ வருடங்கள் அப்படித்தான் போயின. கலியாண வீட்டிலும் துண்டு, பூப்புனித நீராட்டு விழாவிலும் துண்டு, கோயிலிலும் துண்டு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கோயில்கள் பூட்டி, கலியாணங்கள் நின்று, நாயனம் பெட்டிக்குள் போனது. கொட்டாஞ்சேனையில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளுக்கு நடுவில் நாயனம் ஊதிச் சாதகம் செய்ய முடியாது. நாயனத்தின் ஊதுமுனையான சீவாளியை மட்டும் வாயில் வைத்து ஊதிப் பார்ப்பேன். மற்ற நேரத்தில் சுருதிப் பெட்டியை மெல்ல வைத்துக்கொண்டு சுரங்களைப் பாடி மகளின் பழைய பள்ளிக் கொப்பியில் எழுதினேன். வருமானமில்லை, வீட்டில் கஷ்டம், ஆனாலும் அந்தக் கொப்பி நிரம்பியது. எனக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது, அதை என் மூச்சால் சொல்ல முடியும் என்பது அப்போதுதான் மறுபடி தெரிந்தது. சிறுவயதில் குருநாதரிடம் இருந்தபோது இருந்த உணர்வு அது. சந்தி மல்லாரியின் முதல் வரி அந்தக் கொப்பியில்தான் இருக்கிறது. பிறகு ஒரு தில்லானா வந்தது, சுவாமி பள்ளியறைக்குப் போகும் நேரத்துக்கென்று நீலாம்பரியில் ஒன்று வந்தது. இவற்றைக் கோயிலில் வாசிக்கக் கூடாது என்றால் நான் எங்கே கொண்டுபோய் வாசிப்பது?

மரபு என்று சொல்கிறீர்கள். அந்தச் சொல்லை நானும் சொல்லி வளர்ந்தவன்தான், ஆகவே இதைப் பணிவாகவே எடுத்துக்காட்டுகிறேன். மல்லாரிக்குச் சாகித்தியம், அதாவது பாடல் வரிகள், கிடையாது. அது பாட்டல்ல, தத்தகாரத்தில் அமைந்த வாத்திய உருப்படி. தேருக்கு ஒன்று, தீர்த்தத்துக்கு ஒன்று, தளிகை என்ற நைவேத்தியத்துக்கு ஒன்று என்று ஒவ்வொரு தருணத்துக்கும் மேளகாரர்களே அமைத்துக்கொண்டது. இராக ஆலாபனைக்கும் முன்கூட்டி எழுதி வைத்த மெட்டு இல்லை, வாசிக்கிறவனின் மனோதர்மம்தான் எல்லாம். நாதஸ்வர மேதை திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடி இராகத்துக்காகக் காத்திருந்தவர்கள் தெரிந்த பாட்டைக் கேட்கவா காத்திருந்தார்கள்? நாம் கையில் பிடித்திருக்கும் இந்த நீளமான பாரி நாயனமே அவர் காலத்து மாற்றம்தான். அதற்கு முன் இருந்தது குட்டையான, சுருதி கூடிய திமிரி. கச்சேரிக்குச் சுருதி இறங்க வேண்டும் என்று அவர் விரும்ப, தமிழ்நாட்டின் நரசிங்கம்பேட்டை ஆசாரிமார் ஆச்சா மரத்தில் புதிதாகக் கடைந்து கொடுத்தார்கள். அந்த நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022 இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. அன்று ஒரு சபை கூடி புதிது கூடாது என்று எழுதியிருந்தால், இன்று மரபு என்று காட்ட நம்மிடம் இந்த வாத்தியமே இருந்திராது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 1975 இல் மறைந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியையும் 2003 இல் மறைந்த நாதஸ்வர வித்துவான் அளவெட்டி என். கே. பத்மநாதனையும் விடிய விடியக் கேட்ட கதையை உங்கள் அப்பாமார் சொல்லியிருப்பார்கள். சபைக் கூட்டங்களில் நீங்களே அதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்கள் பெயரைப் பெருமையாகச் சொல்லும் அதே வாயால், அவர்கள் வழியில் வந்தவன் சுயமாக ஒன்றும் செய்யக் கூடாது என்று சொல்வது எப்படி நியாயமாகும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நெஞ்சில் கிடந்து அரிக்கிறது. திருவிழா அறிவித்தலில் பிரதம விருந்தினர் பெயர் இருக்கிறது, பந்தல்காரர், மின்னலங்காரக்காரர் பெயர் இருக்கிறது. எங்களுக்கு மட்டும் ‘நாதஸ்வர தவில் கோஷ்டியினர்’. மேளச் சமா என்று இருந்த இரவுகளில் இப்போது மேடை போட்டு இசைக்குழு பாடுகிறது. அந்த மேடைக்கு ஒலிச்சோதனை செய்வதற்காக எங்களை இடைநடுவில் நிறுத்தச் சொல்கிறார்கள். சாப்பாட்டுக்கு நாங்கள் எப்போது, எங்கே இருத்தப்படுகிறோம் என்பதை நான் எழுத விரும்பவில்லை, நீங்கள் அறிவீர்கள். பிறகு, இளம் பிள்ளைகள் ஏன் இந்தக் கலைக்கு வருகிறார்கள் இல்லை என்று திருவிழா மலர்களில் கட்டுரை எழுதுகிறீர்கள். என்னிடம் பழகிய ஒரு பெடியன், நல்ல மூச்சு, நல்ல விரல், போன வருடம் வங்கி வேலைக்குப் போய்விட்டான். ‘மாஸ்டர், துண்டு வாசிக்கிறதுக்கு இவ்வளவு படிக்க வேணுமா?’ என்று கேட்டான். அவனுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

கேட்க வந்தது ஒன்று, வேறெங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். திரும்பவும் பணிவாகவே கேட்கிறேன்: அந்த வரியை எடுத்துவிடுங்கள். மகோற்சவத்தில் ஏதாவது ஓர் இரவு, சப்பறமோ பூங்காவனமோ, உங்களுக்கு வசதியான நாளில், வசந்த மண்டபப் பூசை முடிந்து சுவாமி வெளிவீதிக்கு எழுந்தருளும் நேரத்தில் அரை மணித்தியாலம் தாருங்கள். அந்த அரை மணித்தியாலத்துக்குத் துண்டும் வேண்டாம், லொறிப் பாட்டும் வேண்டாம். எனக்கு மட்டும் கேட்கவில்லை. கொழும்பில் வாசிக்கிற எந்த மேளகாரரிடமும் சொந்த உருப்படி ஒன்று இருந்தால் அவருக்கும் அந்த நேரம் கிடைக்க வேண்டும். மிச்ச இரவு முழுவதும் நீங்கள் சொல்வதை மனமொப்பி வாசிப்போம். சன்மானத்தில் ஒரு ரூபா கூட்டிக் கேட்கவில்லை.

புதிய உருப்படி எப்படி இருக்குமோ, சனம் எழும்பிப் போய்விடுமோ என்ற பயம் உங்களுக்கு இருக்கலாம். அது நியாயமான பயம். அதனால் ஒரு வழி சொல்கிறேன். வேலைநாள் ஒன்றில் மாலைப் பூசை முடிந்த பிறகு உள்வீதியில் நானும் தவில் வித்துவானும் வந்து வாசிக்கிறோம். சபையார் எல்லோரும் இருந்து கேளுங்கள், குருக்களையும் கேட்கச் சொல்லுங்கள், ஆகமத்துக்கோ மரபுக்கோ ஒவ்வாதது இருந்தால் காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன். கேட்காமலே தடுப்பதுதான் தாங்க முடியாமல் இருக்கிறது.

அந்த மாலைக்கு முன், சபையிலிருந்து யாராவது ஒருவர் தவில் வித்துவான் வீட்டுக்குப் போய் இரண்டு வார்த்தை கதைத்துவிட்டு வந்தால் நல்லது. இது உடன்படிக்கையில் எழுத வேண்டியதல்ல.

திருவிழா அறிவித்தல் அச்சுக்குப் போகுமுன் பதில் தாருங்கள். அனுப்பிய கடிதம் கையொப்பமிடாமல் என்னிடம் இருக்கிறது. அந்த வரி நீங்கிய பிரதி கைக்கு வருகிற அன்றே கையொப்பமிட்டுக் கொண்டுவந்து தருவேன்.

இங்ஙனம்,
பணிவுடன்,
நாதஸ்வரக் கலைஞர் ஒருவர்
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13