மாரிஸ் மைனர் மறுபடி ஓடுகிறது: ஒரு நன்றி மடல்

மொரீஷியஸில், ரோஸ் ஹில்லில் எங்கள் தெருக்காரர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமைகளை எனக்காகத் தொலைத்த மற்றவர்களுக்கும் வணக்கம்.

தைப்பூசக் காவடிக்கு அம்மாவை அப்பாவின் பழைய காரான மாரிஸ் மைனரிலேயே காத்ர் போர்னுக்கு, கோர் தெ கார்த் மலைக்கோயில் அடிவாரம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே பார்த்தவர்களெல்லாம், "முன்பக்கம் முழுக்க நீயே பிரித்து மாட்டினாயாமே!" என்று முதுகில் தட்டினார்கள். பிரித்தது நான்தான், மறுக்கவில்லை. மாட்டியதில் என் பங்கு பெரும்பாலும் தப்பும் தவறும். அதைத் திருத்தியவர்கள் யாரென்று ஊருக்குத் தெரிய வேண்டாமா?

வண்டி 1963ஆம் வருடத்தது, 1098 சிசி. அப்பா அதை டாக்ஸியாக ஓட்டித்தான் எங்களைப் படிக்க வைத்தார். மைனரின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. தரைக்கு அடியில் நீளவாக்கில் பக்கத்துக்கு ஒன்றாக டார்ஷன் பார் என்ற எஃகுத் தண்டு படுத்திருக்கும். சக்கரம் மேலே ஏறினால் தண்டு முறுகும், இறங்கினால் தளரும். இத்தனை வருடம் ஒரே பக்கமாக முறுகிப் பழகிய தண்டை மறுபக்கத்தில் மாட்டி எதிர்த்திசையில் முறுக்கக் கூடாது, ஒருநாள் முறிந்தே போகலாம். நானோ இரண்டையும் ஒரே சாக்கில் போட்டு, பளபளவென்று துடைத்தும் வைத்திருந்தேன். நான் போட்டிருந்த பெயின்ட் அடையாளமும் துணியோடு போய்விட்டது! பக்கத்து வீட்டுத் தங்கச்சி, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை, நான் கழற்றியதை விளையாட்டாகப் போனில் படம் பிடித்து வைத்திருந்தாள். "அண்ணே, நீங்க கையில வச்சிருக்கிறது அந்தப் பக்கத்துது" என்றாள். முதல் நன்றி உனக்கு, தங்கச்சி.

அடுத்தது டிரன்னியன். சக்கரம் இடம் வலம் திரும்புவதற்கு அச்சாக நிற்கும் தண்டுதான் கிங்பின்; அதன் அடிமுனையில் மரையோடு திருகி நிற்கிற துண்டு டிரன்னியன். வண்டியின் முன்பாரம் இந்தத் துண்டு வழியாகத்தான் சக்கரத்துக்கு இறங்குகிறது. ஒரு பக்கத்துக்கு வலமரை, மறுபக்கத்துக்கு இடமரை. நான் வாங்கிய கடையில் இரண்டையும் ஒரே மரையில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அது அரைச் சுற்றிலேயே மக்கர் பண்ணியபோது நான் பெரிய ஸ்பேனரைத் தேடிப் போனேன். அப்போதுதான் சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற எதிர்வீட்டு மாமா வாசலைத் தாண்டி வந்தார். "பா ஃபோர்சே," என்றார். கிரியோலில் "பலவந்தம் பண்ணாதே". அன்றைக்கு வேறு எதுவும் பேசவில்லை. இங்கிலாந்திலிருக்கும் மச்சான் சரியானதைத் தபாலில் அனுப்பினான். அவனுக்கும் நன்றி, கப்பல் கட்டணத்தை இன்னும் வாங்க மறுக்கிறான்.

புதியதைத் திருகும்போதும் என் புத்தி போகவில்லை. கடைசிவரை இறுக்கிவிட்டேன். ஸ்டியரிங் இடதுபக்கம் பாதியில் நின்றது. மாமா தரையில் படுத்து, சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் மெதுவாகத் திருப்பினார். கண்ணை மூடிக்கொண்டுதான் திருப்பினார், காது மட்டும் வேலை செய்தது. பிறகு சொன்னார்: இங்கே மரைதான் பேரிங். சக்கரம் திரும்பும்போது கிங்பின் அந்த மரையிலேயே ஏறி இறங்கும், அதற்கு இடம் விட வேண்டும். கடைசிவரை திருகிவிட்டு, இருபுறமும் முழுசாகத் திரும்பும்வரை பின்வாங்கு. கிரீஸ் அடிக்க மறந்தால் அந்த மரை தேய்ந்து சக்கரமே சாய்ந்துவிடும். இதற்காக மாமா கேட்ட கூலி ஒரு கோப்பை வனிலா டீ, சர்க்கரை இல்லாமல். ஆலையில் நாற்பது வருடம் சர்க்கரை முகர்ந்தவருக்கு அது போதுமாம்.

ஜாக்கியிலிருந்து இறக்கினால் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது, கீச் கீச்சென்று சத்தம் வேறு. வாக்வாவிலிருந்து வந்த பஸ் டிரைவர் அண்ணன் (அவரிடமும் ஒரு மைனர் இருக்கிறது) குனிந்து பார்த்ததுமே சிரித்துவிட்டார். ஐபோல்ட்டின் (சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையை வண்டியோடு பிணைக்கும், தலையில் வளையமுள்ள போல்ட்) நட்டுகளைச் சக்கரம் தொங்கும்போதே நான் முழுக்க இறுக்கியிருந்தேன். அந்த வளையத்துக்குள் இருக்கும் ரப்பர் புஷ் என்ற உறை உருண்டு திரும்பாது, முறுகித்தான் திரும்பும். அந்தரத்தில் இறுக்கினால் வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் அது முறுகியே கிடக்கும், சீக்கிரம் கிழியும். தளர்த்தி, இறக்கி, அழுத்தி ஆட்டி, அப்புறம் இறுக்க வேண்டும். ஆட்டுவதற்குத் தெருவிலிருந்து நான்கு பேர் ஏறி உட்கார்ந்தீர்களே, உங்களுக்கு நன்றி. பம்பர் மேல் உட்கார்ந்தவருக்குக் கூடுதல் நன்றி, எடையை அவரே முன்வந்து சொன்னதால்.

ஒரு நட்டில், அது கழன்றுவிடாமல் தடுக்கும் ஸ்ப்ளிட் பின் போடாமலே விட்டிருந்ததைக் கண்டுபிடித்தது என் மனைவி. அதைப் பற்றி நான் நீட்டி எழுத விரும்பவில்லை.

காவடி முடிந்து ஏழு கறிச் சாப்பாட்டுக்கு உங்களில் சிலர் வரவில்லை. அதனால் வருகிற ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில் மறுபடி இலை போடுகிறோம். வாக்வா அண்ணன் தன் மைனரில் வருவார். மாமா நடக்க வேண்டாம், தெரு அகலம்தான் தூரம் என்றாலும் வண்டியில் வந்து ஏற்றிக்கொள்கிறேன்.