படம் கறுத்துக் கிடக்கிறதென்று திருப்பி அனுப்பிய குழுவினருக்கு

மதிப்புக்குரிய நூல் தெரிவுக் குழுவினருக்கு,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

இம்முறை நூலகங்களின் இளையோர் பகுதிக்கான கொள்வனவுப் பட்டியல் வந்துவிட்டது. அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் பிள்ளையொன்றைக் கதாநாயகியாக வைத்து, இங்கேயே எழுதி இங்கேயே வரைந்த 48 பக்கச் சித்திரக்கதை ஏன் திரும்பி வந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். மாதிரிப் பிரதியின் உள்ளட்டையில் பென்சிலால் இரண்டே வரி எழுதியிருந்தது: "படங்கள் கறுத்துக் கிடக்கின்றன. மொழி திருத்தப்பட வேண்டும்."

அந்த இரண்டு வரிக்கான பதில்தான் இந்த மடல். நூலகங்களில் வேலை செய்பவர்களும் படம் வரைபவர்களும் பக்கம் வடிவமைப்பவர்களும் சேர்ந்து எழுதுகிறோம். கேட்பது ஒன்றுதான். இளையோர் பகுதிக்கு வாங்கும் ஐந்து நூல்களில் ஒன்றாவது மட்டக்களப்பு, அம்பாறை ஆட்கள் எழுதியதாக, வரைந்ததாக இருக்கட்டும்.

முதல் வரியை எடுப்போம். படங்கள் கறுத்துக் கிடப்பது உண்மைதான். பிள்ளையின் மூக்கும் புருவமும் முகத்துக்குள் அமிழ்ந்துபோய் கண்ணின் வெள்ளை மட்டும் தெரிகிறது. ஆனால் அது பிள்ளையின் நிறத்தால் வந்த குறை அல்ல, தாளால் வந்தது. நிற அச்சில் சயன், மஜென்டா, மஞ்சள், கறுப்பு என்று நாலு மை ஒன்றன்மேல் ஒன்று விழும். கணினித் திரையில் இருக்கும் முழுக் கறுப்பை வழக்கமான அமைப்பில் அப்படியே அச்சுக்கு மாற்றினால் ஒவ்வொரு மையும் 75, 68, 67, 90 வீதம் என்று வரும், கூட்டினால் 300. மினுக்கத் தாள் அந்த 300ஐத் தாங்கும். பத்திரிகைத் தாள் 240க்கு மேல் தாங்காது. மிச்ச மை காயாமல் அடுத்த பக்கத்தில் ஒட்டும், அல்லது தாளுக்குள் ஊறிப் பரவும். மலிவுத் தாளில் 50 வீதமாக வைத்த மைப்புள்ளி அச்சில் 70ஐத் தாண்டி விரியும். வெளிர் முகத்துக்கு இதனால் பெரிய சேதமில்லை. கொஞ்சம் சிவந்ததுபோல் தெரியும், அவ்வளவுதான். கறுத்த முகத்தில் கன்னத்துக்கும் நிழலுக்கும் இடையில் இருந்த சிறு வித்தியாசம் முழுதாக அழிந்துவிடும். அதன்மேல் போட்ட கறுப்புக் கோடு எங்கே தெரியப்போகிறது?

அந்த மலிவுத் தாளை நூலை வெளியிட்டவர்கள் விரும்பி எடுக்கவில்லை. உங்கள் விண்ணப்பப் படிவத்தில் பக்கக் கணக்குக்கு விலை உச்சவரம்பு ஒன்று இருக்கிறது. சென்னையிலோ சிவகாசியிலோ ஆயிரக்கணக்கில் அடிப்பவருக்கு அந்த வரம்புக்குள் மினுக்கத் தாள் கட்டுப்படியாகும். இங்கே 300 பிரதி அடிப்பவருக்கு ஆகாது.

இனி நடக்கப்போவதும் தெரிந்ததுதான். ஓவியர் முகத்தை மட்டும் தெரிவுசெய்து வெளிச்சத்தைக் கூட்டுவார். கழுத்தும் கையும் பழைய நிறத்திலேயே இருப்பதைக் கண்டு அதையும் வெளுப்பார். அடுத்த பதிப்பில் பிள்ளை மாநிறமாகும், அதற்கடுத்ததில் சிவப்பாகும். "கறுத்த பிள்ளை வேண்டாம்" என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் வாய்திறந்து சொல்லியிருக்கமாட்டார்கள். தாள், படிவம், பென்சில் மூன்றும் சேர்ந்து அந்த வேலையை முடித்துவிடும். அசுரரைக் கறுப்பாகவும் தேவரைச் சிவப்பாகவும் தீட்டிய படக்கதைகளில் வளர்ந்த கண்கள்தான் எங்கள் எல்லோருக்கும் இருக்கின்றன, எழுதுகிற எங்களுக்கும்தான். ஆகவே உங்களை மட்டும் குறை சொல்லவில்லை.

திருத்தும் வழி இருக்கிறது, அது வெளுப்பதல்ல. தோல் நிறத்தில் கறுப்பு மையைக் குறைத்து மஜென்டாவாலும் மஞ்சளாலும் கட்ட வேண்டும். 45, 65, 75, 35 போன்ற கலவை 220இல் நிற்கும், நல்ல கரும்பழுப்பும் கிடைக்கும். முகத்தின் ஒரு ஓரத்தில் வெளிச்சம் விழுவதாக வரைந்து, நிழலுக்கும் மேட்டுக்கும் குறைந்தது 25 வீதப்புள்ளி வித்தியாசம் வைக்க வேண்டும். மூக்குக் கோட்டைக் கறுப்பில் இழுக்காமல் தோலைவிட வெளிரான நிறத்தில் இழுக்கலாம். மாதிரி அச்சைப் புத்தகம் அடிக்கும் அதே தாளில் எடுக்க வேண்டும். மினுக்கத் தாளில் பார்த்துத் தலையாட்டிவிட்டுச் சொரசொரத் தாளில் அடித்தால் இதே கதைதான். இவ்வளவும் ஒரு பின்னேர வேலை. "முகத்தின் விபரம் அச்சில் அமிழ்கிறது, இந்தத் தாளுக்கு ஏற்ப மாற்றித் தாருங்கள்" என்று பென்சில் எழுதியிருந்தால் அந்தப் புத்தகம் இன்று இராக்கையில் இருந்திருக்கும்.

இரண்டாம் வரி, மொழி. அடிக்கோடிட்டிருந்த சொற்களைப் பார்த்தோம். "மறுகா" என்பதற்கு மேல் "பின்னர்" என்று எழுதப்பட்டிருந்தது. "என்னகா" என்பதில் "கா" வெட்டப்பட்டிருந்தது. கதைசொல்லியின் குரலில் அல்ல, பிள்ளைகள் பேசும் பலூனுக்குள். வயலுக்குள் நின்று கூட்டாளியைக் கூப்பிடும் பிள்ளை "தோழியே, பின்னர் என்ன நிகழ்ந்தது" என்று கேட்க வேண்டுமா? எழுத்தின் அளவை 9 புள்ளிக்குக் கீழே இறக்காமல் ஒரு பலூனுக்குள் பத்துப் பன்னிரண்டு தமிழ்ச் சொல்லுக்குமேல் வசதியாக நிற்காது. மூன்றெழுத்தை எடுத்துவிட்டு இரண்டு சொல்லை நுழைத்தால் பலூன் வீங்கிப் பின்னால் நிற்கும் ஆளின் தலையை மறைக்கும். தரப்படுத்தலுக்கு இப்படி ஒரு தச்சுக் கணக்கும் இருக்கிறது.

வட்டார வழக்கு மற்றப் பிள்ளைகளுக்கு விளங்காது என்பது நீங்கள் வழமையாகச் சொல்லும் காரணம். சிவகாசியில் 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கிய பிறகு வந்த தமிழ்ப் படக்கதைகளில் பிரித்தானியத் துப்பறிவாளரும் இத்தாலியர் வரைந்த கௌபோய்களும் நல்ல தமிழ் பேசுகிறார்கள். அரிசோனாப் பாலைவனத்தில் குதிரை ஓட்டும் டெக்ஸ் வில்லரைக் கல்முனைப் பிள்ளைக்கு விளங்குகிறது. வவுணதீவில் எருமை மேய்ப்பவன் மட்டும் விளங்கமாட்டானா? டெக்ஸ் மேல் எங்களுக்குக் கோபமில்லை, அவர் தாராளமாக இருக்கட்டும். அவருக்கு அருகில் ஐந்தில் ஒரு இடம்தான் கேட்கிறோம்.

பட்டியலில் உள்ள நூல்களில் எங்கள் பிள்ளைகள் இல்லவே இல்லை என்றும் சொல்லமாட்டோம். வருகிறார்கள், ஆனால் வேறு யாரோவாக வருகிறார்கள். முஸ்லிம் ஆள் வந்தால் எல்லாரும் அவரை "பாய்" என்கிறார்கள். காத்தான்குடியில், ஏறாவூரில், அக்கரைப்பற்றில் யார் அப்படிக் கூப்பிடுகிறார்? காக்கா, நானா, ராத்தா, வாப்பா, உம்மா என்று இத்தனை சொல் இருக்கிறது. முஸ்லிம் பிள்ளை வாப்பாவோடும் காக்காவோடும் வீட்டுக்குள் சோறு தின்னும்போதும், சில படங்களில் நித்திரையிலும், தலையைச் சுற்றி முக்காடு. வரைந்தவர் எந்த முஸ்லிம் வீட்டுக்குள்ளும் போனதில்லை, போய்வந்த ஒருவருக்கு அந்தப் பக்கத்தைக் காட்டவுமில்லை. தமிழ்நாட்டு இளையோர் கதைகளில் கலியாணம் என்றால் பெண் அழுதுகொண்டு புகுந்த வீடு போவாள். இங்கே தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு பெண்ணுக்கு, புகுகிறவன் மாப்பிள்ளை. அக்காவின் கலியாணத்தோடு வீட்டுக்குள் புதிதாக ஒரு மச்சான் வந்து குந்தும்போது பதின்மூன்று வயதுத் தங்கைக்கு வரும் சங்கடத்தை அந்தக் கதை எதிலும் காண முடியாது. வாகரைப் பக்கத்து வேடர் சமூகத்துப் பிள்ளை இலைதழை உடுத்திக்கொண்டு வருகிறது. அளிக்கம்பைத் தெலுங்குப் பிள்ளை பாம்புப் பெட்டியோடு வருகிறது. போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர் வருவதே இல்லை. சக்கர நாற்காலியில் ஒரு பிள்ளை வந்தால் கடைசிப் பக்கத்தில் எழுந்து நடக்க வேண்டும், அல்லது சாக வேண்டும்.

கிழக்கின் பிள்ளை தன் முகத்தோடே வருகிற கதைகளும் இருக்கின்றன. அவற்றில் யுத்தமோ சுனாமியோ கட்டாயம். அந்தக் கதைகள் வேண்டும்தான். ஆனால் யுத்தம் முடிந்த 2009க்குப் பிறகு பிறந்தவர்கள் இப்போது உங்கள் இளையோர் பகுதியில் நிற்கிறார்கள். கணிதத்தில் கோட்டைவிடவும், யாரையோ பிடித்துப்போய் உளறவும், துப்புத் துலக்கவும் அவர்களுக்கும் ஒரு புத்தகத்தில் இடம் வேண்டாமா?

இது எங்கள் ஊரின் புதுப் பிரச்சினை அல்ல. அமெரிக்காவில் 1965இல் நான்சி லாரிக் என்பவர் மூன்று வருடத்தில் வந்த 5,206 சிறுவர் நூல்களை ஆராய்ந்தார். கறுப்பினப் பிள்ளை ஒன்றாவது இருந்தவை 6.7 வீதம். விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்துச் சிறுவர் நூல் மையம் 1985இல் எண்ணத் தொடங்கியபோது, அவ்வருடம் வந்த ஏறத்தாழ 2,500 நூல்களில் கறுப்பினத்தவர் எழுதியதோ வரைந்ததோ 18தான். பின்னர் யார் எழுதியது, யாரைப் பற்றியது என்று தனித்தனியாகவும் எண்ணினார்கள். எண்ணிக்கை கையில் இருந்தபடியால் "எல்லாம் இருக்கிறதே" என்று யாரும் மழுப்ப முடியவில்லை. ஜேர்சி சிட்டியின் பாகிஸ்தானிய வீட்டுப் பிள்ளை கமலா கான் 2014இல் "மிஸ் மார்வல்" என்ற சித்திரக்கதைத் தொடரின் கதாநாயகியானாள். அதன் முதல் தொகுதி அடுத்த வருடமே ஹியூகோ விருது வாங்கியது. பள்ளிவாசல், பெற்றோர் போடும் தடை, வீட்டுச் சண்டை எல்லாம் அதில் இருந்தன. தூரத்து ஆட்களுக்கு விளங்காதென்று ஒன்றையும் கழிக்கவில்லை.

வாங்கிய நூல்களைப் பதியும் உங்கள் சேர்வுப் பதிவேட்டிலும் எண்ணலாம். நூலின் பெயருக்கு நேரே நாலு கட்டம் போடுங்கள்: எழுதியவரும் வரைந்தவரும் எந்த ஊர், முதன்மைப் பாத்திரம் யார், கதை நடக்கும் இடம் எது, அந்தப் பாத்திரத்துக்குப் பெயரும் பேச்சும் உண்டா. கடைசிக் கட்டம்தான் முக்கியம். பின்னணியில் கூடையோடு நிற்பவரைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. 200 நூலை இரண்டு பேர் இரண்டு நாளில் முடிக்கலாம்.

ஐந்தில் ஒன்றுக்கு நூல் எங்கே என்று கேட்பீர்கள். நீங்கள் வாங்காததால் அச்சேறவில்லை, அச்சேறாததால் நீங்கள் வாங்கவில்லை. 48 பக்க நிறப் புத்தகம் மூன்று 16 பக்கப் படிவம், அதாவது இரு பக்கமும் அச்சடித்து மடிக்கும் மூன்று பெரிய தாள். ஒவ்வொரு படிவத்துக்கும் நாலு மைக்கு இரு பக்கமும் நாலு நாலாக 8 அச்சுத் தகடு, மொத்தம் 24, அட்டைக்கு வேறு. 100 பிரதி அடித்தாலும் 1,000 அடித்தாலும் தகட்டுச் செலவு ஒன்றே. நூலகங்கள் தனித்தனியே இரண்டு இரண்டு பிரதி வாங்காமல், நீங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து முன்கூட்டியே 500க்குக் கட்டளை கொடுத்தால் விலை இறங்கும், உங்கள் உச்சவரம்புக்குள்ளேயே நல்ல தாளும் வரும். சித்திரக்கதை கிழியும் என்ற பயமும் தேவையில்லை. வாவிக்காற்றிலும் கடற்காற்றிலும் துருப்பிடித்து நடுத்தாளைத் தின்பது முதுகில் அடித்த கம்பிப் பின். அதைக் கழற்றிவிட்டு ஐந்து துளையிட்டு மெழுகு பூசிய நூலால் தைத்தால் நெடுநாள் நிற்கும். பிறகு அதை நூலகப் பகுப்பில் சித்திரக்கதைக்குரிய 741.5 இலக்கத்தின் கீழ் ஓவியக்கலைப் புத்தகங்களுக்கு இடையில் புதைத்துவிடாமல், முதுகில் ஒரு நிறப்பட்டி ஒட்டி இளையோர் இராக்கையிலேயே வையுங்கள்.

ஒக்டோபர் வந்தால் வாசிப்பு மாதம். பதாகை கட்டுவீர்கள். இணையத்தில் இறக்கிய படம் அதில் இருக்கும்: பொன்னிறத் தலைமயிரோடு ஒரு பிள்ளை அப்பிள் மரத்தடியில் வாசித்துக்கொண்டிருக்கும். களுவாஞ்சிக்குடியில் அப்பிள் மரம் எங்கே நிற்கிறதென்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். கீழே பேச்சுப் போட்டி நடக்கும். பிள்ளைகள் வாசிப்பதில்லை, தொலைபேசியோடேயே கிடக்கிறார்கள் என்று விருந்தினர் வருந்துவார். பிறகு வடையும் தேநீரும்.

மன்னியுங்கள், கொஞ்சம் வழிதவறிவிட்டோம். பணிவாகவே கேட்கிறோம். ஐந்தில் ஒன்று. நிராகரிக்கும் நூலுக்குக் காரணத்தைப் பென்சிலில் அல்லாமல் கடிதத்தில் தாருங்கள். குழுவில் 13 முதல் 17 வயதுக்குட்பட்ட வாசகர் இருவருக்கு இடம் கொடுங்கள். அந்தப் புத்தகத்தை, அதே பிள்ளையின் அதே நிறத்தோடு, அடுத்த கூட்டத்தில் மீண்டும் மேசைக்கு எடுங்கள்.

17ஆம் பக்கத்தின் அச்சு இரண்டை இத்துடன் இணைத்திருக்கிறோம். தாள் ஒன்றுதான், பிள்ளையும் ஒன்றுதான். இடப்பக்கம் நீங்கள் திருப்பி அனுப்பியது. வலப்பக்கம் மை அளவை மட்டும் சரிசெய்தது. குழல் விளக்கின் கீழ் வைத்துப் பார்க்க வேண்டாம், நிறம் பொய் சொல்லும். யன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள்.

இப்படிக்கு,
இளையோர் நூல்களோடு வேலை செய்வோர் சிலர்,
மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்கள்