நேட்டோ நாடுகளின் வெளியுறவு அமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அமைச்சர்களுக்கு,

துருக்கி, சிரியா, ஈராக், ஈரான் நாடுகளில் பரவி வாழும், தனி நாடில்லாத இனம் குர்துகள். 2019 ஆகஸ்டில், துருக்கியை ஒட்டிய வடக்கு சிரிய எல்லையில் குர்துப் போராளிகள் தங்கள் அரண்களைத் தாங்களே இடித்தார்கள். கனரக ஆயுதங்களைப் பின்னுக்கு நகர்த்தினார்கள். அப்படிச் செய்தால் துருக்கி படையெடுக்காது என்ற அமெரிக்காவின் பேச்சை நம்பித்தான் செய்தார்கள். அக்டோபர் 6 அன்று இரு நாட்டு அதிபர்களும் தொலைபேசியில் பேசினார்கள். அமெரிக்கப் படை எல்லையை விட்டு விலகியது. 9ஆம் தேதி குண்டு விழத் தொடங்கியது. 12ஆம் தேதி குர்து அரசியல் தலைவர் ஹெவ்ரின் கலஃபை நெடுஞ்சாலையில் வழிமறித்துக் கொன்றார்கள். வெளியேறிய அமெரிக்க ராணுவ வண்டிகள் மீது வடக்கு சிரியாவின் காமிஷ்லி நகர மக்கள் உருளைக்கிழங்குகளை வீசினார்கள். கையில் கிடைத்தது அதுதான்.

ஐ.எஸ். பயங்கரவாத அமைப்பை வீழ்த்த, குர்துகள் தலைமையிலான படை சுமார் 11,000 பேரைப் பறிகொடுத்திருந்தது. வானிலிருந்து குண்டு போட்டது நீங்கள். தெருத்தெருவாக இறங்கிச் செத்தது அவர்கள்.

இது முதல் முறையும் அல்ல. முதல் உலகப் போருக்குப் பின், 1920இல், ஒட்டோமான் பேரரசோடு செய்த செவ்ர் ஒப்பந்தம் குர்துகளுக்குத் தன்னாட்சி தருவதாகச் சொன்னது. அதற்குப் பதிலாக 1923இல் வந்த லொசான் ஒப்பந்தத்தில் அந்தப் பேச்சே இல்லை. 1975இல் ஈரான் மன்னரும் சதாம் உசேனும் அல்ஜியர்ஸில் கைகுலுக்கியதும் ஈராக் குர்துகளுக்கு ஈரான் தந்த உதவி நின்றது. அமெரிக்காவும் கையை விரித்தது. 2022இல் மாட்ரிட்டில், ஸ்வீடனும் பின்லாந்தும் நேட்டோவில் சேர வழிவிடுவதற்காக, சிரிய குர்துப் படைக்கு ஆதரவு தரமாட்டோம் என்று அந்த இரு நாடுகளிடமும் எழுதி வாங்கினீர்கள். லொசான், அல்ஜியர்ஸ், மாட்ரிட் என்ற இந்த மூன்று மேசைகளிலும் குர்துகளுக்கு நாற்காலி இல்லை.

துருக்கியின் பாதுகாப்பு என்று காரணம் சொல்வீர்கள். துருக்கி அரசை எதிர்த்து ஆயுதம் ஏந்திய குர்து அமைப்பான பிகேகே 1984 முதல் நடத்திய போரில் பல்லாயிரம் பேர் இறந்தது உண்மை. அந்தத் துயரத்தைச் சிறிதாக்க நான் வரவில்லை. ஆனால் குர்துப் பெண் அரசியல்வாதி லெய்லா ஸானா எந்த ஆயுதமும் ஏந்தவில்லை. 1991இல் துருக்கி நாடாளுமன்றத்தில் பதவியேற்றபோது குர்து மொழியில் ஒரு வாக்கியம் சொன்னார். பின்னர் பத்தாண்டுகள் சிறையில் கிடந்தார். அப்போதும் துருக்கி நேட்டோவில் உங்கள் கூட்டாளிதான். 2025 மே மாதம் பிகேகே தன்னைக் கலைத்துக்கொள்வதாக அறிவித்துவிட்டது. சரி, இனி என்ன தடை?

சிரியாவுக்கு நிதியும் அங்கீகாரமும் தரும்போது குர்துகளின் குடியுரிமையையும் தாய்மொழிக் கல்வியையும் நிபந்தனையாக எழுதுங்கள். 1962 கணக்கெடுப்பில் சுமார் 1,20,000 குர்துகளின் குடியுரிமையைப் பறித்த நாடு அது; வாய்ச்சொல் போதாது. அந்தப் பேச்சுவார்த்தைகளில் குர்துப் பிரதிநிதிகளை உட்கார வையுங்கள். துருக்கிக்கு ஆயுதம் விற்கும் ஒப்பந்தங்களில், அவற்றைக் குர்து ஊர்கள் மீது பயன்படுத்தக்கூடாது என்று சேருங்கள். மீறினால் விற்பனையை நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் வாசகர்