பயிற்சி மட்டும் போதாது

பெண்களின் வேலைவாய்ப்பைப் பெருக்க ‘நான் முதல்வன்’ போன்ற திறன் பயிற்சிகளை விரிவுபடுத்த வேண்டும் என்று வலியுறுத்திய தங்கள் தலையங்கம் கண்டேன். பயிற்சி தேவைதான், ஆனால், பயிற்சி பெற்று வேலையிலும் இருந்த பெண்கள் குழந்தை பிறந்த பிறகு ஏன் திரும்பி வருவதில்லை என்ற கேள்வியைத் தலையங்கம் தொடவில்லை. திருப்பூரில் பல பின்னலாடை நிறுவனங்களில் வேலை இரவு எட்டரை வரை நீள்கிறது. அங்கன்வாடியோ மாலைக்குள் மூடிவிடுகிறது. எங்கள் பிரிவில் ஓவர்லாக் தையல் இயந்திரத்தில் கைதேர்ந்திருந்த பெண் ஒருவர், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் நின்றுவிட்டு, இப்போது வீட்டிலிருந்தபடி பீஸ் கணக்கில் பிசிர் வெட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்கு இனி எந்தப் பயிற்சியைக் கொடுப்பது?

ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம் என்று மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-இல் திருத்தம் செய்யப்பட்டது. சந்துக்குச் சந்து இயங்கும் பிற நிறுவனங்களுக்குக் கூலிக்கு வேலை செய்து தரும் சிறு ஜாப் ஒர்க் யூனிட்டுகள் பலவற்றில் அத்தனை பேர் இருப்பதில்லை என்பதால், சட்டம் அங்கே எட்டிப்பார்ப்பதே இல்லை. அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்த்து நடத்த மத்திய அரசின் ‘பால்னா’ திட்டத்தில் ஏற்கெனவே வழியுண்டு. அதைப் பயன்படுத்தி, தொழிற்பகுதிகளில் உள்ள அங்கன்வாடிகளை இரவு ஒன்பது மணி வரை இயக்கவும், இப்போதைய பணியாளர்களின் தலையில் அதைச் சுமத்தாமல் இரண்டாம் ஷிப்டுக்குத் தனி ஆட்களை நியமிக்கவும், செலவில் ஒரு பங்கைச் சிறு நிறுவனங்களின் சங்கங்களிடம் பெறவும் தமிழக அரசு முன்வர வேண்டும். முதலில் திருப்பூரில் சில வார்டுகளில் இதைத் தொடங்கலாம்.

– பின்னலாடைத் தொழிலாளி, திருப்பூர்