என்4 கடற்கரையில் ஒரு காந்தம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் மாணவர் இணைப்பில் வரும் புவி அறிவியல் தொடரை நானும் என்னிடம் மாலைப் பாடத்துக்கு வரும் காசிமேட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிறோம். நல்ல முயற்சி. ஆனால் இரண்டு இடங்களில் எனக்கு வழக்கு இருக்கிறது.

முதல் பகுதியில் ஒரு படிக்கட்டுப் படம் போட்டிருந்தீர்கள். கீழ்ப்படியில் கருதுகோள், அது நிரூபணமானால் கோட்பாடு, கோட்பாடு இன்னும் உறுதியானால் விதி. இது தவறு. என்ன நடக்கிறது என்று சொல்வது விதி, ஏன் நடக்கிறது என்று விளக்குவது கோட்பாடு. கலையாத படிவுகளில் அடியில் கிடப்பதே மூத்தது என்று 1669இல் டென்மார்க் அறிஞர் நிக்கோலஸ் ஸ்டெனோ சொன்னது விதி. கண்டத்தட்டுகள் நகர்வது கோட்பாடு. 1960களில் கிடைத்த கடலடிச் சான்றுகள் அதை நிலைநிறுத்திவிட்டன. இன்னும் நூறு வருஷம் போனாலும் அது ‘விதி’யாகப் பதவி உயர்வு பெறப்போவதில்லை.

சரி, படத்தை விடுங்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பகுதி ஏன் பிடிக்கவில்லை என்றால், அதில் யாரும் எதையும் செய்து பார்க்கவில்லை. எங்கள் ஊரில் செய்து பார்க்க விஷயத்துக்கா பஞ்சம்? மழைக்காலம் முடிந்ததும் எங்கள் காசிமேட்டு என்4 கடற்கரையில் பட்டை பட்டையாகக் கருப்பு மணல் கிடந்தது. இது என்ன என்று கேட்டேன். “கப்பல் ஆயில் மிஸ்” என்றான் ஒருவன். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெயை வாளியில் அள்ளிய கரை இது. அவன் அப்படி நினைத்ததில் தப்பில்லை. “நிலக்கரித் தூள்” என்றாள் ராயபுரத்துப் பெண். துறைமுகத்தில் கரி இறங்கிய காலத்தில் கொடியில் காய்ந்த துணியெல்லாம் கருத்த கதையை அவள் ஆயா சொல்லியிருக்கிறார். “இரும்பு” என்றது இன்னொரு குரல்.

நான் பதில் சொல்லவில்லை. “நீ சொல்வது தப்பாக இருந்தால், அது எப்படித் தெரியும்?” என்று மட்டும் கேட்டேன். அதற்குத்தான் நேரம் பிடித்தது. எண்ணெய் என்றால் தண்ணீரில் படலம் கட்ட வேண்டும். கரி என்றால் காகிதத்தில் தேய்த்ததும் கறை பட வேண்டும். மணலைவிட லேசு என்பதால் அரிக்கும்போது முதலில் ஓட வேண்டும். இரும்பு என்றால் காந்தம் இழுக்க வேண்டும்.

அரிசியில் கல் அரிப்பது போல அலுமினியத் தட்டில் மணலை அரித்தோம். படலம் இல்லை, கறையும் இல்லை. வெள்ளை மணல் தண்ணீரோடு வழிந்து போக, கருப்பு தட்டிலேயே தங்கிவிட்டது. பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை பாலித்தீன் பையில் சுற்றிக் காட்டினோம். கொஞ்சம் பாய்ந்து வந்து ஒட்டியது. அது மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம். பெரும்பங்கு அசையவே இல்லை. அதில் அதிகம் இல்மனைட் என்ற இன்னொரு கனிமம். இரும்பு இருந்தும் சாதாரணக் காந்தத்துக்கு எளிதில் மசியாது. நடுநடுவே சிவந்த பொடி கார்னெட் என்ற கனிமம். ஆக, இரும்பு என்றவன் பாதி ஜெயித்தான்.

இவை கரையில் ஏன் பட்டையாகச் சேர்கின்றன? முறத்தில் கொழிப்பதை அலை செய்கிறது. வெள்ளை மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். ஒரே அளவு தண்ணீரைப் போல இரண்டரை மடங்குக்குச் சற்று மேல் எடை. இல்மனைட் நாலரை மடங்குக்கும் மேல். பெரிய அலை லேசானதை வாரிக்கொண்டு போக, கனமானது நின்றுவிடுகிறது.

கனிமம் வேறு, பாறை வேறு என்பதற்கும் இதே கரை போதும். தட்டில் நின்ற ஒவ்வொரு பொடியும் ஒரு கனிமம். கடல் அரிப்பைத் தடுக்கக் கட்டிய தூண்டில் வளைவில் கொட்டியிருக்கும் கல்லை உற்றுப் பார்த்தால் பல நிறப் புள்ளிகள் தெரியும். பல கனிமங்கள் சேர்ந்த பாறை அது. நிலக்கரி? செடிகொடி மட்கி உண்டானதால் புவியியலார் அதைக் கனிமம் என்பதில்லை, படிவுப் பாறை என்பார்கள். அரசாங்கச் சட்டத்தில் அது கனிமம்தான். பிள்ளைகள் இதைக் கேட்டு வெகுநேரம் சிரித்தார்கள்.

இரண்டாவது வழக்கு, ‘கருங்கல் என்றால் கிரானைட்’ என்ற வரி. சமையல் மேடைக்கு வாங்கும் கருப்பு கிரானைட் பெரும்பாலும் டோலரைட் என்ற வேறு பாறை வகை. சென்னையை ஒட்டிய பல்லாவரம் குன்றின் கல்லோ சார்னோக்கைட் என்ற பாறை. கொல்கத்தாவில் இருக்கும் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த புவியியலார் தாமஸ் ஹாலந்து, 1893இல் அந்தப் பெயரை வைத்தார். கல் போனது நம் பக்கத்திலிருந்து, பெயர் வந்தது அங்கிருந்து! ஹாலந்து அதை, உருகிய குழம்பு இறுகி உண்டான தீப்பாறை என்றார். பின்னால் வந்தவர்கள், பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியது என்று வாதிட்டார்கள். தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை என்று மூன்று பெட்டி போட்டுக் காட்டிய உங்கள் கட்டுரையாளர், எந்தப் பெட்டி என்று சண்டை நடந்த இந்த உள்ளூர்க் கல்லைப் பற்றி ஒரு பகுதி எழுதலாமே.

கப்பல் ஆயில் என்ற பையனைச் சொல்லாமல் விட்டால் அவன் என்னை விடமாட்டான். அடுத்த வாரமே, 2017இல் அந்த எண்ணெய் ஒதுங்கிய எர்ணாவூரில் மாமா வீட்டுப் பக்கம் போய் ஒரு டப்பா மண் அள்ளி வந்தான். தட்டில் போட்டுத் தண்ணீர் ஊற்றியதும் வானவில் நிறத்தில் படலம் விரிந்தது.

படிக்கட்டுப் படத்தை மட்டும் அடுத்த இதழில் திருத்திவிடுங்கள். நாலைந்து பேர் அதை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
மாலைப் பாட ஆசிரியை,
காசிமேடு, சென்னை.