ஓட்டப் பயிற்சிக்கு முன் தைராய்டு பரிசோதனை

ஆசிரியர் அவர்களுக்கு,

ராணுவத்துக்கான அக்னிவீர் ஆள்சேர்ப்பு முகாம் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். எழுத்துத் தேர்வு, 1.6 கி.மீ. ஓட்டம் பற்றியெல்லாம் விரிவாக இருந்தது. மருத்துவத் தகுதிக்கு ஒரே வரிதான். பலரின் கனவு உடைவது அங்கேதான். எங்கள் தெருப் பையன் ஒருவன் ஓட்டத்தில் தேறியும், கழுத்தில் தைராய்டு வீக்கம் இருப்பதாகத் திருப்பி அனுப்பப்பட்டான். அதுவரை வீட்டில் யாருக்கும் அது தெரியாது, பாவம். மருத்துவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, தைராய்டு சரியாகச் சுரக்கிறதா என்று காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனையும் செய்திருந்தால் முன்பே சிகிச்சை தொடங்கியிருக்கலாம். சரி, வேறு வேலைக்காவது தயாராகியிருப்பான்.

ராணுவ ஆள்சேர்ப்புக்குத் தயார்படுத்தும் பயிற்சி மையங்கள் இளைஞர்களைச் சேர்க்கும்போதே இந்தப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். மருத்துவத் தகுதி விதிகளைத் தமிழில் அச்சிட்டு, மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் ஒட்டி வைக்கவும் அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

– வாசகர், வேலூர்