திரை சரியாகிவிட்டது, எல்லோருக்கும் நன்றி

அண்ணன்மாரே, அக்காமாரே, தம்பிகளே,

1920-க்கு 1080! விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டதிலிருந்து 1024-க்கு 768-இல் மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் அகலமாக இழுத்துக் காட்டிய என் கடைக் கம்ப்யூட்டர் திரை, தன் சரியான புள்ளி அளவுக்கு வந்துவிட்டது. நேற்று கடையை மூடும் முன் அணைத்துப் போட்டுப் பார்த்தேன், இன்று காலை வந்ததும் முதல் வேலையாகப் பார்த்தேன், அப்படியே நிற்கிறது. எழுத்துகள் சப்பையாகாமல் தெரிகின்றன, மாப்பிள்ளை பொண்ணு முகமெல்லாம் பழைய அகலத்துக்குத் திரும்பிவிட்டது. என்ன நடந்தது, எந்தக் கல்யாணப் பத்திரிகை வேலை நின்றது, யார் போன் போட்டுக் கத்தினார்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை மறுபடி ஓட்டவில்லை.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான அப்டேட் நின்றது, இந்தப் பழைய பெட்டியில் 11 ஏறாது என்று தெரிந்ததும் லினக்ஸ் மின்ட் பென் டிரைவோடு கடைக்கே வந்த தம்பிக்கு முதலில் நன்றி. திரை டிரைவரை ஒதுக்கிவைத்துப் பூட் பண்ண நோமோட்செட் போட்டுப் பார்க்கச் சொன்னவருக்கும், லினக்ஸின் உள்மையமான கர்னலில் பழையதை வைத்துப் பூட் பண்ணிப் பார்க்கச் சொன்னவருக்கும், அது நடக்காதபோது என்னைவிட அதிகமாக வருத்தப்பட்டவருக்கும் நன்றி. திரை அளவைக் கையால் மாற்றும் எக்ஸ்ரேண்டர் கட்டளையை எங்கே இடம் விடணும், எங்கே ரெண்டு கோடு போடணும் என்று வாய்ஸ் மெசேஜில் நிறுத்தி நிறுத்திச் சொன்ன கோயம்புத்தூர் அக்கா, அந்த வழி ஒவ்வொரு தடவை கம்ப்யூட்டரைப் போடும்போதும் மறந்துபோனாலும், அவசரமான பத்திரிகைகள் எல்லாம் அதை வைத்துத்தான் வெளியே போயின. திரை தன்னைப் பற்றிச் சொல்லும் ஈடிஐடி கோப்பைத் திறக்க வைத்து, "இது காலியா இருக்கே" என்று கண்டுபிடித்தது யாரென்று அவருக்கே தெரியும். பக்கத்துக் கடைக்காரர் தன் கம்ப்யூட்டரைச் சாயங்காலம் எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், அவருக்கும்.

ஆனால் இந்த மடலை எழுதுவது இந்தக் குழுவில் இல்லாத ஒருத்தருக்காக. அவரிடம் இருப்பது பட்டன் போன்தான். தென்காசியில் எங்கள் தெருவில் முன்பு டிவி ரிப்பேர் கடை வைத்திருந்த அண்ணாச்சி.

ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வந்தவர், திரையைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, எல்லாரும் குண்டாத் தெரியுதாவ?" என்றார். நான் கர்னல், டிரைவர் என்று ஆரம்பித்தேன். அவர் காதில் அதெல்லாம் விழவில்லை. "கலர் சரியா வருதுல்லா? ஆடலையே? அப்ப படம் கொண்டுவார கம்பி நல்லாருக்கு. அளவு சொல்லுத கம்பியப் பாரும்" என்றார்.

எனக்கு அப்படி ஒரு கம்பி இருப்பதே தெரியாது. ஜெராக்ஸை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். போனவர் போனதுதான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு மஞ்சள் பையோடு திரும்பி வந்தார், உள்ளே பழைய மல்டிமீட்டர், கம்ப்யூட்டரிலிருந்து திரைக்குப் படம் கொண்டுபோகும் ஒரு விஜிஏ கேபிள், கொஞ்சம் செம்புக் கம்பி, ஒரு குண்டூசி. மீட்டர் முனை தடியாக இருந்ததால் குண்டூசியை அதோடு வைத்துக் கம்பியால் சுற்றிக்கொண்டார். என் கேபிளின் இரண்டு தலையையும் மேஜையில் எதிரெதிரே வைத்து, ஒரு முனையை என்னைப் பிடிக்கச் சொன்னார். கேபிள் தலையில் குச்சிகளுக்கு 1 முதல் 15 வரை எண், உள்ளே கம்பி அறாமல் இருந்தால் மீட்டர் கத்தும். 1, 2, 3 மூன்றும் நிறம், மீட்டர் கத்தியது. 13, 14 இரண்டும் படத்தை ஆடாமல் நிறுத்துவது, கத்தியது. 9-ஆவது குச்சியே இல்லையே என்று நான் பதறினேன், "அது நெறய கேபிள்ல இருக்காது, பயப்படாதீரும்" என்றார். 15 கத்தியது. 12 மட்டும் கத்தவில்லை. கேபிளின் கழுத்தை லேசாக வளைத்தார், ஒரு கீச், நேராக்கினால் மறுபடி மௌனம். அவ்வளவுதான், நோய் பிடிபட்டது.

விஜிஏ 1987-இல் வந்தது. திரை தன் அளவுகளை 128 பைட்டில் அடக்கிக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ஏற்பாடு 1994-இல்தான் வந்தது, அந்தப் பேச்சு போவது 12, 15 இரண்டு கம்பியிலும். ஒன்று அறுந்தாலும் படம் வரும், அளவு வராது. அளவு தெரியாத லினக்ஸ் வம்பெதற்கு என்று 1024-க்கு 768-இல் நின்றுகொள்ளும். அண்ணாச்சிக்கு இந்த வருஷக் கணக்கெல்லாம் தெரியாது, நான் பிறகு படித்தது. ஊரில் கம்ப்யூட்டர் சென்டர்கள் முளைத்த காலத்தில் குண்டு மானிட்டர்களைத் திறந்து திறந்து மூடியவர், எந்தக் குச்சி என்ன வேலை செய்யும் என்று கையாலேயே தெரிந்தவர்.

மின்ட் போட்ட அன்று பென் டிரைவைப் பின்பக்கம் செருக கேபினெட்டை இழுத்தோமே, அப்போதுதான் அந்தக் கம்பி போயிருக்க வேண்டும். புது மருமகள் வந்த வீட்டில் பால் திரிந்தாலும் அவள் ராசி என்பார்களே, அந்த மாதிரி நாம் எல்லோரும் சேர்ந்து பாவம் மின்ட்டையே உலுக்கிக்கொண்டிருந்தோம். மின்ட் இனி இந்தக் கடையை விட்டுப் போகாது, அது முடிவாகிவிட்டது.

அவர் கொண்டுவந்த கேபிளை மாட்டியதும் திரை தானாகவே சரியான அளவுக்குப் போனது, ஒரு கட்டளையும் அடிக்கவில்லை. நான் பர்ஸை எடுப்பதற்குள், "இது இரவல்தான், புதுசு வாங்குன அன்னைக்கே திருப்பிக் கொடுத்துரணும்" என்று கறாராகச் சொன்னார். என் கேபிளைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டி, "இல்லன்னா வேற யாராச்சும் எடுத்து மாட்டுவான்" என்று குப்பைக் கூடையில் போட்டார்.

இன்று புதுசு வாங்கிவிட்டேன். மல்டிமீட்டரும் வாங்கினேன், கூடவே ஒரு டப்பா குண்டூசி. லினக்ஸ் போட்டபின் 1024-இல் மாட்டிக்கொண்டு யாராவது புலம்பினால், டிரைவர் பேச்சை எடுக்குமுன் கேபிளை எடுத்துக்கொண்டு கடைக்கு வரச் சொல்லுங்கள், காசு கிடையாது. அப்புறம், இந்த மடலைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து வைத்திருக்கிறேன். சாயங்காலம் அண்ணாச்சி வீட்டுக்குக் கேபிளைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது இதையும் கொடுக்கப் போகிறேன், யாராவது கூட வருவதாக இருந்தால் ஆறு மணிக்கு முன் கடைக்கு வந்துவிடுங்கள்.